மருமகன் என்றால் யார்?

மூணாறுக்கு அருகே, பள்ளிவாசல் மலைச்சரிவில் இருக்கிறது சித்திரபுரம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ் கேட்கும். மின்வாரியக் குடியிருப்பிலும் கடைகளிலும் மலையாளம். இரண்டையும் கலந்து அடிக்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. மொழிபெயர்ப்பு தேவையில்லாமல் இரு தரப்பும் புரிந்துகொள்ளும் சொற்கள் இங்கே ஏராளம். மருமகன் அவற்றில் ஒன்று. புரிந்துகொள்கிறார்கள் என்பதைவிட, புரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்வதே பொருத்தம்.

கேரளச் சரித்திரத்தைப் புரட்டுகிற தமிழர், பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் ‘மருமக்கத்தாயம்’ என்ற சொல்லில் இடறுவார். மருமக்களுக்குச் சொத்து போகும் முறை. மகன்கள் இருக்க, மகளைக் கட்டியவனுக்குக் காணியையும் வீட்டையும் எழுதி வைக்கிற அளவுக்கு அங்கே மாப்பிள்ளைகளுக்கு யோகமா என்று அவருக்குத் தோன்றும். உண்மை வேறு. இந்த மருமகன் மகளின் கணவன் அல்ல, சகோதரியின் மகன். ஒரு மனிதன் இறந்தால் அவன் பொறுப்பில் இருந்த சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. உடன்பிறந்தவளின் பிள்ளைகளுக்குப் போகும்.

தமிழிலும் இந்தப் பொருள் உண்டு, நகரத்துப் பேச்சில் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆணுக்குச் சகோதரியின் மகன் மருமகன், பெண்ணுக்குச் சகோதரனின் மகன் மருமகன், இருவருக்குமே மகளின் கணவன் மருமகன். பத்திரிகைகள் பல ஆண்டுகள் முரசொலி மாறனை ‘கருணாநிதியின் மருமகன்’ என்று எழுதின. அவர் கருணாநிதியின் அக்காள் மகன். தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் குழப்பமில்லை. ஆனால் தில்லியிலோ மும்பையிலோ அந்த வரியை இந்திக்குக் கொண்டுபோகிறவர் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கும். இந்தியில் சகோதரி மகன் ‘பாஞ்ஜா’, மகளின் கணவன் ‘தாமாத்’. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டு வேறு உறவுகளுக்கு ஒரே சொல் ஏன்? இரண்டும் பல நேரங்களில் ஒரே ஆளாக இருந்ததால்தான். மாமன் மகளை அத்தை மகன் கட்டுவது முறை என்றிருந்த சமூகத்தில், சகோதரியின் மகன் பிறக்கும்போதே மாப்பிள்ளையாகும் உரிமையோடு பிறக்கிறான். பிறகு மகளைக் கொடுக்கும்போது புதிய பெயர் தேவைப்படவில்லை. பெண்ணுக்கும் அப்படியே. அண்ணன் மகளை மகனுக்குக் கட்டி வைக்கிறவளுக்கு, அந்தப் பெண் தொட்டிலில் கிடந்தபோதே மருமகள்.

இதற்குச் சாட்சியாகக் கடவுளையே கூப்பிடலாம். முருகனுக்கு ‘மால் மருகன்’ என்று ஒரு பெயர். திருமாலின் தங்கை பார்வதி, அவள் பிள்ளை முருகன், ஆகவே மருகன் என்பது ஒரு கணக்கு. தமிழ்ப் புராண மரபில் வள்ளியும் தெய்வானையும் முற்பிறவியில் திருமாலின் மகள்கள். ஆகவே மகளைக் கட்டிய மருமகன் என்பது இன்னொரு கணக்கு. இரண்டு கணக்கும் பிசகாமல் நேராகிவிடுகிறது. புராணம் சொன்னவர்கள் பூலோகத்து முறையை மேலுலகத்துக்கும் நீட்டிவிட்டார்கள்.

வெளிநாட்டு அறிஞர்கள் இந்தச் சொற்களில் காட்டிய ஆர்வம் சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-ல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெரும் நூலில் தமிழுக்கு முக்கிய இடம் உண்டு. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார்கள் மூலம் அவருக்குத் தமிழ் உறவுப்பெயர்கள் கிடைத்தன. நியூயார்க் மாநிலத்துச் செவ்விந்தியர்களான செனகா மக்களின் உறவுப்பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் ஒரே அச்சில் இருப்பதைப் பார்த்து, செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கே இது ஆதாரம் என்று முடிவு கட்டினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஆனால் உறவுப்பெயர்களை வைத்தே ஒரு சமூகத்தைப் படிக்கலாம் என்ற ஆராய்ச்சித் துறை அங்கிருந்துதான் கிளம்பியது. 1950 வாக்கில் மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் இன்னும் ஒரு படி மேலே போனார். தாய்மாமனை ரத்த உறவு என்று பார்ப்பதே தவறு, அவர் முதலில் தகப்பனின் மைத்துனர், சம்பந்தி வழி உறவு என்றார். நம் பாட்டிகளுக்கு இது தெரியாத சங்கதியா என்று கேட்கலாம். தெரியும். பெயர் வைக்கத்தான் பாரிசிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துத் தமிழில் இந்தப் பிரிவினை இன்னும் துலக்கம். அண்ணன் தம்பி பிள்ளையை அங்கே ஒருவர் ‘பெறாமகன்’ என்பார். தான் பெறாத மகன், ஆனாலும் மகன்தான். அக்காள் தங்கை பிள்ளை மருமகன். முன்னவனுக்குப் பெண் கொடுக்க முடியாது, பின்னவனுக்குக் கொடுக்கலாம். ஆங்கிலத்தின் ‘நெஃப்யூ’ இருவரையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது.

சரி, ‘மரு’ எங்கிருந்து வந்தது? மறு மகன், அதாவது இன்னொரு மகன் என்று விளக்கம் சொல்கிறவர்கள் நிறைய. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எழுத்து இடிக்கிறது. மருமகனில் இருப்பது இடையின ‘ரு’, மறுவில் இருப்பது வல்லின ‘று’. தமிழர்களில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால் இந்தக் குழப்பம் நமக்கு எளிது. சித்திரபுரத்துக் கடையில் நிற்கும் மலையாளிக்கு இந்தக் குழப்பம் வராது. அவர் நாக்கு இன்றும் இரண்டு ஒலிகளையும் பிரித்தே சொல்கிறது. அவர் சொல்வதும் இடையின ‘ரு’ தான். கலத்தல், தழுவுதல், சேர்தல் என்ற பொருளுள்ள ‘மருவு’ என்ற வினையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது மேலும் பொருத்தம். குடும்பத்தோடு வந்து மருவியவன். சங்க நூல்களில் ‘மருகன்’ என்பது வழித்தோன்றல், குலத்தில் வந்தவன் என்ற பொருளில் அரசர்களுக்கும் வந்திருக்கிறது.

மருமக்கத்தாயத்தின் பின்பாதியிலும் ஒரு பொறி இருக்கிறது. தாய்வழி என்பதால்தான் ‘தாயம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால் தகப்பன்வழி மரபை மலையாளத்தில் ‘மக்கத்தாயம்’ என்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? தாயம் என்றால் உரிமைச் சொத்து, பங்கு. தாயாதி என்ற சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைதான். மருமக்கள் பெறும் தாயம், மக்கள் பெறும் தாயம், இவ்வளவுதான் வித்தியாசம். கர்நாடகத்தின் துளு நாட்டில் இதே முறைக்குப் பெயர் ‘அளியசந்தானம்’. கன்னடத்தில் அளிய என்றால் மருமகன், நம்மைப் போலவே இரண்டு பொருளிலும்.

இது வெறும் அகராதிச் சர்ச்சை அல்ல. இந்தச் சொல்லின் பேரில் தலைகள் உருண்டிருக்கின்றன. 1729-ல் மார்த்தாண்ட வர்மா வேணாட்டு அரியணைக்கு வந்தபோது, முந்தைய மன்னர் ராம வர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தங்களுக்கே பட்டம் என்று எழுந்தார்கள். பெற்ற மகன்கள் அவர்கள், மருமகன் வழி வாரிசு இவர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் மகன்கள் பக்கம் சேர்ந்தனர். முடிவில் தம்பிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமாரின் வீடுகள் இடிக்கப்பட்டன. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவலுக்குக் கரு இதுதான். மதுரையிலோ தஞ்சையிலோ நடந்திருந்தால் வரலாறு தம்பிகளை வாரிசுகள் என்று சொல்லியிருக்கும். திருவனந்தபுரத்தில் அவர்கள் கலகக்காரர்கள்.

சித்திரபுரம் என்ற ஊர்ப்பெயர் நினைவூட்டும் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவும் இந்த முறையில் பட்டத்துக்கு வந்தவர். 1885 முதல் 1924 வரை ஆண்ட மூலம் திருநாளுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் வாரிசுகள் அல்ல. பெண் வாரிசு இல்லாமல் போனதால் 1900-ல் இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். பெண் இல்லையென்றால் அரசன் இல்லை. தத்து வந்தவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். 1924-ல் அவர் சிறுவன் என்பதால் பெரிய தாயாரான சேது லட்சுமி பாய் 1931 வரை பொறுப்பு ராணியாக ஆண்டார். 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததும், 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் இந்த மன்னர் காலத்தில்தான்.

மன்னராட்சி போனது, மானியமும் 1971-ல் போனது. மருமகன் போகவில்லை. சித்திரைத் திருநாள் 1991-ல் மறைந்ததும் தம்பி உத்திராடம் திருநாள் வந்தார். 2013-ல் அவரும் மறைந்தபோது பொறுப்பு அவர் பிள்ளைகளுக்குப் போகவில்லை, சகோதரியின் மகனுக்குப் போனது. பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைச் செல்வத்தால் உலகமே கவனித்த வழக்கில் 2011-ல் கேரள உயர் நீதிமன்றம் அரச குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கோயில் நிர்வாக உரிமை அந்தக் குடும்பத்தின் வழக்கப்படியே தொடரும் என்றது. 21-ஆம் நூற்றாண்டின் மிகப் பணக்காரக் கோயில் ஒன்றின் வழக்கில் ‘மருமகன்’ என்ற பழைய சொல்லுக்கு இன்னும் உயிர் இருந்தது.

அரண்மனையில் இது கம்பீரமாகத் தெரியும். சாதாரண வீட்டில் எப்படி இருந்தது? அதற்குச் சாட்சி நாஞ்சில் நாடு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்தப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இங்கே தமிழ் பேசும் வெள்ளாளர்களிடமும் மருமக்கள் வழி நிலைத்திருந்தது. மலையாளத்துத் தறவாட்டில் மனைவி பெரும்பாலும் தன் தாய்வீட்டிலேயே இருப்பாள், கணவன்தான் வந்து போகிறவன். அவன் இறந்தாலும் அவள் கூரை அவளுக்கு உண்டு. நாஞ்சில் நாட்டில் மனைவி கணவன் வீட்டுக்கு வந்து குடித்தனம் செய்தாள், சொத்து மட்டும் அவன் சகோதரி மக்களுக்குப் போனது. குடித்தனம் தமிழ் முறையில், வாரிசு மலையாள முறையில். இரண்டு முறைகளிலும் பெண்ணுக்கு எது பாதகமோ அதைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தது போன்ற ஏற்பாடு. கணவன் கண்ணை மூடியதும் சாவிக்கொத்து மருமகன் இடுப்புக்குப் போகும். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ‘உகந்துடைமை’ என்ற பெயரில் ஒரு சிறு பங்கு, அதையும் கோர்ட்டு வாசலில் நின்றுதான் பலர் வாங்க வேண்டியிருந்தது.

அந்தச் சமூகத்தில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இந்த அவலத்தின் ஆவணம். பலதார மணம் செய்த காரணவர் ஒருவரின் மனைவி தன் கதையைத் தானே சொல்வதுபோல அமைந்த அங்கத நூல். படிக்கும்போது சிரிப்பு வரும், சிரித்து முடித்த பிறகு வயிற்றைப் பிசையும். சட்டசபையில் நூறு பேச்சுகள் செய்ய வேண்டிய வேலையை இந்த ஒரு நூல் பெரிதும் செய்தது என்று சொன்னால் மிகையில்லை. 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்களுக்கு வாரிசுரிமை கிடைத்தது.

நாயர் சமூகத்துக்கு 1925-ல் திருவிதாங்கூரிலும், 1933-ல் மலபாரிலும் பாகப்பிரிவினைக்கு வழி திறந்தார்கள். கடைசியாகக் கேரள அரசின் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டியது. தாய்வழிச் சமூகம் என்றதும் பெண்களின் ராஜ்ஜியம் என்று கற்பனை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரம்பரை பெண் வழி, பெட்டிச் சாவி காரணவர் கையில். காரணவர் ஆண். பெண்ணுக்கு அங்கே கிடைத்தது அதிகாரத்தைவிட முக்கியமான ஒன்று என்றும் வாதிடலாம்: யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு வீடு.

இந்த முறை எப்போது தொடங்கியது என்பதில் அறிஞர்கள் கட்டிப்புரண்டிருக்கிறார்கள். சேர மன்னர்களிடமே மருமக்கள் தாயம் இருந்தது என்று ‘சேரர் தாயமுறை’ நூலில் வாதிட்டார் நாவலர் சோமசுந்தர பாரதியார். பதிற்றுப்பத்தின் பதிகங்களில் அரசர்களின் தாயார் பெயர்கள் வருவது இந்த விவாதத்தின் மையம். மறுத்தவர்களும் குறைவில்லை. கேரள வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளையோ 11-ஆம் நூற்றாண்டுக்கு முன் அங்கே மக்கத்தாயமே இருந்தது என்றார். சோழர்களோடு நடந்த நீண்ட போரில் ஆண்கள் போர்க்களத்திலேயே வாழ நேர்ந்ததால் குடும்பம் பெண்ணைச் சுற்றி அமைந்தது என்பது அவர் கட்சி. போர் ஒன்றே இவ்வளவு ஆழமான மாற்றத்தைச் செய்துவிடுமா என்று கேட்டவர்களுக்குத் திருப்தியான பதில் அதில் இல்லை.

மலைக்கு இந்தப் பக்கம், சொத்து மகனுக்கே என்றிருந்த ஊர்களில், தாய்மாமன் தப்பித்துக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். நிலத்துக்குப் பதில் அவர் தவணை கட்டினார். காதுகுத்தில் பிள்ளை உட்காருவது மாமன் மடி. பெரியவளானால் பச்சை ஓலைக் குச்சில் கட்டுவது மாமன். கல்யாணத்துக்கு மாமன் சீர், மாமன் மாலை. உசிலம்பட்டிப் பக்கம் மாமன் சீர் எத்தனை வண்டியில் வருகிறது என்பது ஊர் எண்ணிப் பார்க்கும் விஷயம். கடன் வாங்கியாவது செய்வார்கள். தகப்பன் சொத்தில் பங்கு பெறாத சகோதரிக்கு, அவள் பிள்ளைகள் மூலம் சிறுகச் சிறுகத் திரும்பும் பங்கு இது. அங்கே ஒரே பத்திரம், இங்கே ஆயுள் முழுக்கச் சில்லறை. பத்திரத்தை வைத்து வழக்குப் போடலாம், சீர் வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. தமிழகச் சகோதரி ரொம்ப நாள் இந்த வித்தியாசத்தின் விலையைக் கொடுத்திருக்கிறாள்.

திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணி பின்னால் மலையேறிய குடும்பங்கள் இந்த முறைகளையும் தூக்கிக்கொண்டுதான் வந்தன. ஆனால் லயத்தில் விட்டுப்போக என்ன இருக்கிறது? வேலை இருக்கும்வரைதான் அந்த ஒற்றை அறை வீடு. மகனா மருமகனா என்ற வழக்கே எழாத இடம். முறை மிஞ்சியது, தாயம் மிஞ்சவில்லை.

இப்போது முறையும் கரைகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இன்னும் உறவுக்குள் நடந்தவை. கேரளத்தில் அது மிகச் சொற்பம், ‘முறப்பெண்’ 1965-ல் வந்த பழைய மலையாளப் படத்தின் பெயராகவே பலருக்கு நினைவிருக்கும். உறவுக்குள் மணம் குறையக் குறைய, சொல்லின் இரு பொருளும் பிரிந்து போகின்றன. மகளைக் கட்டியவரை ‘வாங்க மாப்பிள்ளை’ என்று எழுந்து நின்று வரவேற்கிறார்கள். தங்கை மகனை ‘வாடா’ என்கிறார்கள். மருமகன் என்ற சொல் கல்யாணப் பத்திரிகைக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் ஒதுங்கிவிட்டது.

பெண்ணுக்கு ஏற்பட்ட இழப்பு இதைவிடப் பெரிது. மருமகளாகப் போகும் பெண் மாமியாரை ‘அத்தை’ என்று கூப்பிடுவது வழக்கம். ஒரு காலத்தில் அது அப்பாவின் சொந்த அக்காள் தங்கை. மடியில் தூக்கி வளர்த்தவள். இன்று கல்யாண இணையதளத்தில் கண்டுபிடித்த முன்பின் தெரியாத ஒருவரை முதல் நாளே அத்தை என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. சொல்லுக்குள் இருந்த பாதுகாப்பு போய்விட்டது, சொல் மட்டும் நிற்கிறது. சொந்த அத்தை வீட்டிலும் கொடுமை நடந்ததுண்டு என்பது வேறு விஷயம். அங்கே தட்டிக் கேட்க அப்பாவுக்கு அண்ணன், தம்பி என்ற உரிமையாவது இருந்தது.

சித்திரபுரத்தைச் சுற்றியுள்ள காடுகளில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை இருக்கிறது. மதுரையிலிருந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்ளும் முதுவர்கள் பேசுவது தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சு. அவர்களிடம் கூட்டம் எனப்படும் குலம் தாய்வழியே வருகிறது. சொத்து சகோதரியின் மகனுக்குப் போகும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-லேயே பதிவு செய்திருக்கிறார். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010-ல் உருவான இடமலைக்குடி முதுவர்களுடையது. இதே மாவட்டத்தில் கட்டப்பனைக்கு அருகே கோழிமலையில் மன்னான் பழங்குடியினருக்கு இன்றும் ஒரு அரசர் இருக்கிறார். இவர்களுக்கும் மதுரைத் தொடர்பு சொல்லும் மரபு உண்டு. 2025 ஜனவரி 26 அன்று தில்லி குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க அரசர் ராமன் ராஜமன்னான் மனைவியோடு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தார். வழக்கப்படி அவருக்குப் பின் அந்தப் பட்டம் மகனுக்குப் போகாது, தாய்வழியில் வரும் மருமகனுக்குப் போகும்.